வட்டத்துக்குள் கணக்கை அடக்கியவர்

ஐயப்பன்தாங்கலில் ஒரு மொட்டை மாடி. ஹாம் ரேடியோ உரிமம் வாங்கிய சீனியர் அண்ணன் ஒருவர், 145 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆன்டெனா கட்டியிருந்தார். உதவிக்கு நாங்கள் மூன்று பேர். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 2 காட்டியது. கேபிளைக் கொஞ்சம் வெட்டினா சரியாயிடும் என்று வெட்டினோம். முள் அசையவில்லை. திரும்ப வெட்டினோம். அப்பவும் 2தான்! காசு கொடுத்து வாங்கிய கேபிள் துண்டு துண்டாகக் கிடந்தது.

நாங்கள் செய்த தப்பை ஒரே ஒரு தாளில் காட்டிவிட்டுப் போனவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பிலிப் ஸ்மித். ஆமாம், பரீட்சை ஹாலில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் அதே ஸ்மித் சார்ட்டின் தந்தை!

1905 ஏப்ரல் 29 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் பிறந்தார். டஃப்ட்ஸ் கல்லூரியில் மின்பொறியியல் படித்த காலத்திலேயே அவர் ஒரு ஹாம். 1928ல் பட்டம் வாங்கிய கையோடு பெல் டெலிபோன் லேபரட்டரீஸில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, சிற்றலை ஆன்டெனாக்களை டிரான்ஸ்மிட்டரோடு பொருத்துவது. ஆன்டெனாவும் ஃபீட் லைனும் பொருந்தாவிட்டால், போன அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். லைனில் நிலை அலை உண்டாகும். லைன் நெடுக மீட்டரை நகர்த்தி, எங்கே அதிகம், எங்கே குறைவு என்று குறிக்க வேண்டும். பிறகு கணக்கு! கம்ப்யூட்டர் ஏது, கால்குலேட்டர் ஏது? ஸ்லைடு ரூல் மட்டும்தான். லைனின் நீளம் மாறினால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

இந்த அலுப்பிலிருந்துதான் சார்ட் பிறந்தது. முதலில் சாதாரணக் கட்டத்தாளில் வரைந்தார். பெரிய மதிப்புகள் தாளுக்கு வெளியே ஓடின. சக ஊழியர்களின் யோசனையும் சேர, எல்லா மதிப்பும் ஒரே வட்டத்துக்குள் அடங்கியது. அதில் ஒரு முழுச் சுற்று என்பது லைனில் அரை அலைநீளம்.

ஒரு உதாரணம் பாருங்க. 50 ஓம் கேபிளின் முனையில் 100 ஓம் ஆன்டெனா. எஸ்.டபிள்யூ.ஆர். 2. கால் அலைநீளக் கேபிள் போட்டால் டிரான்ஸ்மிட்டர் பக்கம் 25 ஓம் தெரியும். அரை அலைநீளம் போட்டால் திரும்பவும் 100 ஓம். ஆர்.ஜி.58 கேபிளில் அலையின் வேகம் வெளியில் உள்ளதில் சுமார் 66 சதவீதம்தான். அதனால் 145 மெகாஹெர்ட்ஸில் அந்த அரை அலைநீளம் சுமார் 68 சென்டிமீட்டர். நீளத்தை மாற்ற மாற்ற, தெரிகிற இம்பீடன்ஸ் மாறும். ஆனால் சார்ட்டில் நாம் அதே வட்டத்தின் மேலேதான் சுற்றுகிறோம். கேபிள் இழப்பை ஒதுக்கிவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறவே மாறாது. நாங்கள் மாடியில் செய்தது இந்தச் செக்குமாட்டு வேலையைத்தான்!

ஸ்மித்தின் சார்ட்டை உலகம் உடனே கைதட்டி வரவேற்கவில்லை. பத்திரிகைகளை அணுகிக் காத்திருந்து, 1939 ஜனவரியில்தான் 'எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் அது வெளிவந்தது. ஜப்பானில் மிசுஹாஷி 1937லேயே இதே மாதிரி ஒரு சார்ட்டை வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உலகப் போரில் ரேடார் வேலை பெருகியதும் ஸ்மித் சார்ட் எங்கும் பரவியது. 1944ல் அதை மேலும் திருத்தினார். 1969ல் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1970ல் ஓய்வு பெற்றார். 1987 ஆகஸ்ட் 29 அன்று காலமானார்.

இன்று அனலைசர் பட்டனை அழுத்தினால் விடை வருகிறது. அதன் திரையிலும் நிற்பது அவர் வட்டம்தான் என்றால் மிகையாகாது.

எங்கள் ஆன்டெனா என்ன ஆச்சு? கத்தரியைக் கேபிளிலிருந்து எடுத்து, ஆன்டெனாவின் கைகளை இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் குறைத்தோம். முள் இறங்கியது! கோளாறு இருக்கிற இடத்தில் கை வைக்க வேண்டும் தோழர்களே. அடுத்த முறை அந்த வட்டத்தைப் பார்த்தால் பயப்படாதீங்க. நம்மைப் போல ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிய ஒரு ஹாம், நம் வேலையைக் குறைக்க வரைந்தது அது.