ஹிட்லரின் ஜெர்மனிக்கு 'நோ' சொன்ன வயலின் கலைஞர்... யார் இந்த அடால்ஃப் புஷ்?

1933, ஏப்ரல் 1. பெர்லின் நகரம். யூதர்களின் கடைகளுக்கு முன்னால் நாஜி படையினர் நின்றுகொண்டு, யாரும் உள்ளே போகாதபடி மறித்துக்கொண்டிருந்தார்கள். அதே நாளில் அதே ஊரில் நான்கு பேர் மேடையேறி, இயேசு சிலுவையில் சொன்ன கடைசி ஏழு வாக்கியங்களை வைத்து ஹைடன் எழுதிய இசையை வாசித்தார்கள். கச்சேரி முடிந்தது. அந்தக் குழுவின் தலைவர், ஜெர்மனியில் மிச்சமிருந்த தன்னுடைய எல்லா கச்சேரிகளையும் ரத்து செய்தார்.

அவர்தான் அடால்ஃப் புஷ். (பெயரைப் பார்த்து அமெரிக்க அதிபர் குடும்பம் என நினைக்க வேண்டாம், அவர்களுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.) இவர் யூதரும் கிடையாது. ஜெர்மனியின் முதல் வரிசை வயலின் கலைஞர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பணமும் பதவியும் தேடி வந்திருக்கும்.

தச்சர் வீட்டுப் பிள்ளை

1891 ஆகஸ்ட் 8-ல் ஜெர்மனியின் சீகன் நகரில் பிறந்தார் புஷ். ஓவியர் ரூபன்ஸ் பிறந்ததும் இதே ஊர்தான். அப்பா தச்சு வேலை தெரிந்தவர், பிறகு வயலின் செய்பவராக மாறினார். வசதியான குடும்பம் இல்லை. ஆனால் அந்த ஒரே வீட்டிலிருந்து மூன்று பெரிய இசைக்கலைஞர்கள் வந்தார்கள். அண்ணன் ஃப்ரிட்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர், தம்பி ஹெர்மன் செல்லோ கலைஞர், நடுவில் அடால்ஃப்.

கொலோன் இசைக் கல்லூரியில் படித்த அடால்ஃப், 1918-ல், 27 வயதுக்குள்ளாகவே பெர்லினில் பேராசிரியர் ஆகிவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு தன் பெயரிலேயே 'புஷ் குவார்டெட்' குழுவைத் தொடங்கினார்.

அது என்ன குவார்டெட்?

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மொத்தம் நான்கே பேர். கையில் குச்சி வைத்துக்கொண்டு முன்னால் நிற்கும் நடத்துநர் கிடையாது. ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்து இன்னொருவர் தொடங்க வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஹைடன், மொசார்ட், பீத்தோவன் எல்லாம் தங்களுடைய மிக அந்தரங்கமான இசையை இந்த நான்கு பேருக்காகத்தான் எழுதினார்கள்.

புஷ் குழுவில் இரண்டாவது வயலின் வாசித்த கோஸ்டா ஆண்ட்ரியாசன் ஸ்வீடன்காரர். வியோலா வாசித்த கார்ல் டாக்டர் வியன்னாக்காரர். 1930-ல் தம்பி ஹெர்மனும் செல்லோவோடு வந்து சேர, நாஜிக்கள் ஆட்சிக்கு வந்தபோது மேடையில் இருந்தது இந்த நால்வர்தான்.

வீட்டுக்கு வந்த 17 வயது பையன்

புஷ் கதையில் இன்னொருவரைச் சொல்லாமல் விட முடியாது. பியானோ கலைஞர் ருடால்ஃப் செர்கின். 1920-ல் 17 வயதில் புஷ் வீட்டுக்கு வந்தவர், அங்கேயே ஒரு பிள்ளையாகத் தங்கிவிட்டார். அப்போது புஷ்ஷின் மகள் ஐரீனுக்கு மூன்று வயது. பின்னாளில், 1935-ல், அதே ஐரீனைத் திருமணம் செய்து மருமகனும் ஆனார்.

செர்கின் யூதர். புஷ் வயலின், செர்கின் பியானோ என்று ஐரோப்பா முழுக்க ஜோடியாக வாசித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் ஜெர்மன் மேடையில் இனி இடமில்லை என்றானது. 1933 மார்ச்சில் அண்ணன் ஃப்ரிட்ஸுக்கும் அடி விழுந்தது. டிரெஸ்டன் ஓபரா அரங்கில் அவர் மேடையேறியபோது நாஜிக்கள் கூச்சல் போட்டே அவரை வெளியேற்றினார்கள். அவரும் யூதர் அல்ல.

1927-லேயே புஷ் குடும்பம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் குடிபோயிருந்தது. அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பிழைப்பு? ஜெர்மன் இசையை வாசிக்கும் ஜெர்மன் கலைஞருக்கு ஜெர்மனிதானே பெரிய சந்தை! திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்தும் அவர் போகவில்லை. 1935-ல் சுவிட்சர்லாந்து குடியுரிமை பெற்றார். 1938-ல் இத்தாலியும் யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டதும், அங்கேயும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒரே கொள்கைக்காக இரண்டு நாட்டு வருமானம் போனது.

மெழுகில் பதிந்த பீத்தோவன்

இந்த இழப்பு காலத்தில்தான் இன்றுவரை கேட்கப்படும் அவருடைய ரெக்கார்டுகள் வந்தன. 1930-களில் லண்டனில் எச்.எம்.வி நிறுவனத்துக்காக புஷ் குவார்டெட் பீத்தோவனின் கடைசிக் கால குவார்டெட்களைப் பதிவு செய்தது. சூபர்ட்டின் 'மரணமும் கன்னியும்' குவார்டெட் 1936-ல் பதிவானது.

இப்போது போல வெட்டி ஒட்டும் வசதி அப்போது இல்லை. டேப் புழக்கத்துக்கு வரவில்லை, மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிய வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கரை நிமிடம் போலத்தான் அடங்கும். நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் சறுக்கினால் அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

பீத்தோவனின் ஓபஸ் 131-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பகுதிகள், நடுவில் நிறுத்தாமல் 40 நிமிடம் போல ஓட வேண்டிய இசை. அதைத் துண்டு துண்டாக வாசித்து, ஒவ்வொரு துண்டிலும் முந்தைய துண்டின் வேகத்தையும் உணர்ச்சியையும் விட்ட இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். 1936-ல் இதைச் செய்து முடித்தார்கள். ஒலி இன்றைய காதுக்குக் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், சில இடங்களில் சுருதி இலேசாகப் பிசகும். ஆனால் மெதுவான பகுதிகளில் அந்த நால்வரும் ஒரே ஆளாக மூச்சு விடுவது போலக் கேட்பதை, சுத்தமான புது ரெக்கார்டுகள் பலவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் எடுபடவில்லை

போர் தொடங்கியதும் புஷ் அமெரிக்கா போனார். அங்கே மாரடைப்பு வந்தது. உடல் தேறி மறுபடி வாசித்தாலும் ஐரோப்பாவில் இருந்த பெயர் அங்கே கிடைக்கவில்லை. விரல் வித்தையில் ஹெய்ஃபெட்ஸ் மிரட்டிக்கொண்டிருந்த ஊரில், புஷ்ஷின் அலட்டலில்லாத வாசிப்புக்குக் கைதட்டல் குறைவுதான். அதற்காக அவர் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. 1941-ல் நியூயார்க்கில் ஓபஸ் 130-ஐப் பதிவு செய்தார்கள். பிறகு குழுவில் ஆட்கள் மாறினார்கள். 1946-ல் மனைவி ஃப்ரீடாவும் இறந்துபோனார்.

கடைசியாக ஒரு வேலையைத் தொடங்கினார். வெர்மான்ட் மாகாணத்தின் மார்ல்பரோ என்ற சின்ன ஊரில், மருமகன் செர்கின், தம்பி ஹெர்மன், புல்லாங்குழல் கலைஞர் மார்செல் மொய்ஸ் குடும்பத்தினர் ஆகியோருடன் சேர்ந்து கோடைக்கால இசைப் பள்ளி ஒன்றை உருவாக்கினார். அனுபவசாலிகளும் இளைஞர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

அது வளர்வதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1952 ஜூன் 9-ல், 60 வயதில், வெர்மான்ட்டிலேயே இறந்தார். அதன் பிறகு செர்கின் மார்ல்பரோவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். உலகப் புகழ்பெற்ற கார்னேரி குவார்டெட் 1964-ல் உருவானது அங்கேதான்.