ஹைதர் அலி: ஓடவும் தெரிந்தவர்

செஸ்ஸில் காய் வெட்டுப்பட்டால் அவ்வளவுதான், பெட்டிக்குள்ளே போயிடும். குட்டிச் சிப்பாய் பொம்மைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டு அப்படியில்லை. தோற்ற படை பின்வாங்கும். ஜெயித்தவர் துரத்தலாமா, எவ்வளவு தூரம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. பல ஆட்டங்களில் பகடை உருட்டித்தான் முடிவு. இதுக்கெல்லாம் எதுக்கு விதின்னு தோணுதா? ஹைதர் அலியின் வாழ்க்கையைப் பாருங்க.

அவர் நமக்கு அந்நியர் இல்லை. வடக்கனந்தலில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, உளுந்தூர்பேட்டை ரோட்டில் போனால் தியாகதுருகம் மலைக்கோட்டை. ஆங்கிலேயரிடம் திணறிய பிரெஞ்சுத் தளபதி லாலி, படை உதவிக்கு விலையாக 1760-ல் அந்தக் கோட்டையை மைசூருக்குக் கொடுத்தார். ஹைதரும் படை அனுப்பினார். அந்த நேரம் பார்த்து, அவர் வளர்த்துவிட்ட கண்டே ராவே அவருக்கு எதிராகத் திரும்பினார். குடும்பத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே விட்டுவிட்டு, ஹைதர் இரவோடு இரவாக பெங்களூருக்கு ஓடினார். அடுத்த வருஷமே மைசூர் அவர் கையில். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அவர் என்பதையும் சேர்த்துக்கோங்க.

1769-ல் ஆங்கிலேயத் தளபதி ஸ்மித் அவரைத் துரத்தினார். ஹைதர் காலாட்படை, பீரங்கி, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஆத்தூர்க் கணவாய் வழியாகத் திருப்பி அனுப்பினார். பார்த்தால் பின்வாங்குகிற மாதிரி இருக்கும். அவரோ 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் சுமார் 130 மைல் ஓடி, சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலையில் போய் நின்றார். கும்பெனி உடன்படிக்கைக்கு இறங்கி வந்தது.

எல்லாப் பின்வாங்கலும் இப்படி அமையவில்லை. 1771-ல் மேல்கோட்டையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இரவில் நகர்ந்தபோது மராட்டியர் தெரிந்துகொண்டு பாய்ந்தார்கள். சின்குரளியில் படை சிதறிப்போச்சு. ஹைதர் தப்பித்ததே பெரிசு. ஆனால் மராட்டியர் கொள்ளையில் இறங்கி நேரத்தை விட்டார்கள். அதற்குள் அவர் தலைநகரைக் காக்கத் தயாராகிவிட்டார்.

அதே தப்பை அவரும் செய்தார். 1780 செப்டம்பர் 10-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். ஹைதர் முழுப்படையோடு துரத்தவில்லை. தப்பிய அந்தப் படையும் சேர்ந்துதான் அடுத்த வருஷம் ஜூலை 1-ல் அயர் கூட் தலைமையில் பரங்கிப்பேட்டையில் அவரைத் தோற்கடித்தது.

கூட்டாலும் துரத்த முடியவில்லை. போதிய குதிரை இல்லை, வண்டி மாடு இல்லை, சாப்பாடும் இல்லை. ஹைதர் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். போர் நீண்டது. 1782 டிசம்பர் 7-ல், சித்தூர் பக்கத்துப் பாசறையில், முதுகில் வந்த ராஜபிளவையால் இறந்தார். மகன் திப்பு மலபாரிலிருந்து வந்து சேரும்வரை சாவுச் செய்தியையே மறைத்து வைத்தார்கள். தலைவர் இல்லை என்று தெரிந்தால் படை கலையும், எதிரி துரத்துவான் என்ற பயம்தான்.

அடுத்த தடவை ஆட்டத்தில் ஜெயித்ததும் பகடையைக் கையில் எடுக்கிறீங்களா? உங்க குதிரைகள் களைச்சிருக்கா, ஓடுகிறவர் நிஜமாவே ஓடுகிறாரா என்று ஒரு நிமிஷம் பாருங்க. ஹைதராகக்கூட இருக்கலாம்.