ம. கோ. இராமச்சந்திரன்

ம. கோ. இராமச்சந்திரன் (சனவரி 17, 1917 - டிசம்பர் 24, 1987) தமிழ்த் திரைப்பட நடிகரும், அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தை நிறுவியவரும், 1977 முதல் இறக்கும் வரை, 1980 இல் ஏற்பட்ட ஓர் இடைவெளி நீங்கலாக, தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவரும் ஆவார். எம். ஜி. ஆர் என்ற பெயராலேயே பரவலாக அறியப்படுகிறார். தேனி மாவட்டத்தின் ஆண்டிப்பட்டி தொகுதி அவர் கடைசியாகப் போட்டியிட்டு வென்ற தொகுதியாகும். சென்னை மெட்ரோவில் பயணிகள் மிகுதியாக வந்து செல்லும் சுரங்க நிலையமான சென்ட்ரல் நிலையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இளமை

இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் மருதூர் கோபால மேனனுக்கும் சத்தியபாமாவுக்கும் மகனாகப் பிறந்தார். நாவலப்பிட்டி, கொழும்பிலிருந்து மலையகத்துக்குச் செல்லும் தொடருந்துப் பாதையில் அமைந்த ஊர். தந்தை இறந்தபின் குடும்பம் கும்பகோணத்தில் குடியேறியது. வறுமையின் காரணமாகப் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அண்ணன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் குழுவில் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய இக்குழுவிலேயே அவர் வளர்ந்தார்.

திரைப்படமும் கட்சியும்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936 இல் வெளியான சதி லீலாவதி அவரது முதல் படம். கதாநாயகனாக உயர மேலும் பதினொரு ஆண்டுகள் ஆயின. 1947 இல் வெளிவந்த ராஜகுமாரி அந்த வாய்ப்பைத் தந்தது. மந்திரி குமாரி (1950), மலைக்கள்ளன் (1954), தாமே தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் (1958) ஆகியவை அவரைத் தமிழகத்தின் முன்னணி நடிகராக்கின. 1971 இல் வெளியான ரிக்சாக்காரன் படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். அப்படத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே சென்னையின் ரிக்சா தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டுகள் வழங்கியிருந்தார்.

1953 இல் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். 1967 சனவரி 12 அன்று நடிகர் எம். ஆர். ராதாவால் சுடப்பட்டு மருத்துவமனையில் இருந்தார். கழுத்தில் கட்டுடன் இருந்த அவரது படம் சுவரொட்டிகளில் இடம்பெற்றது. தொகுதிக்குச் செல்லாமலேயே பரங்கிமலையில் வென்றார். பின்னாளில் ஆண்டிப்பட்டியில் நடந்ததற்கு இதுவே முன்னோடி எனலாம். கருத்து வேறுபாடுகளால் தி. மு. க.விலிருந்து விலக்கப்பட்டபின், 1972 அக்டோபர் 17 அன்று புதிய கட்சியைத் தொடங்கினார். அதன் இரட்டை இலைச் சின்னம் முதல் பெரும் வெற்றியைக் கண்டது 1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில்.

முதலமைச்சர்

1977 சூன் 30 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார். 1980 பிப்ரவரியில் அவரது அரசு நடுவண் அரசால் கலைக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் நடந்த தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் வென்று மீண்டும் ஆட்சி அமைத்தார். 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1981 இல் மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. 1982 சூலை 1 அன்று விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டம் தொடங்கியது. இவற்றுள் சத்துணவுத் திட்டமே சிற்றூர்களில் அவர் பெயரை ஆழமாக நிலைநிறுத்தியது.

கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அவரது ஆட்சிக்காலம் முழுக்க இனிய நினைவாக அமையவில்லை. 1979 இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் பாதுகாப்புக் கருதி 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையின் முழு அளவு 152 அடி. இம்முடிவுக்குத் தமிழக அரசு உடன்பட்டது பற்றிய விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2006 இலும் 2014 இலும் தீர்ப்பளித்தது.

ஆண்டிப்பட்டித் தேர்தல், 1984

1984 அக்டோபர் 5 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகப் பாதிப்புடன் பக்கவாதமும் தாக்கியிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கு அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார்; மக்களவைத் தேர்தலுடன் சட்டமன்றத் தேர்தலும் டிசம்பர் 24 அன்று நடத்தப்பட்டது.

எம். ஜி. ஆர் போட்டியிட்ட ஆண்டிப்பட்டி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது (தேனி மாவட்டம் 1996 இல் உருவானது). மதுரையிலிருந்து கணவாயைக் கடந்து தேனிக்குச் செல்லும் சாலையில் உள்ள, நெசவும் மானாவாரி வேளாண்மையும் கலந்த ஊர் இது. வைகை அணை இதன் அருகில் உள்ளது. வருசநாட்டு மலையடிவாரம் வரை பரந்த தொகுதி. வேட்பாளர் ஒருநாள்கூட வாக்குக் கேட்டு வரவில்லை. அவர் உயிருடன் இருக்கிறாரா, ஆட்சி செய்யும் நிலையில் இருக்கிறாரா என்ற ஐயங்களே தேர்தலின் முதன்மைப் பேச்சாயின. மருத்துவமனையில் அவர் உணவு உண்பதையும் செய்தித்தாள் பார்ப்பதையும் காட்டும் ஒளிப்படக் காட்சிகள் ஊர்தோறும் திரையிடப்பட்டன. முடிவில் அவர் 32,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அ. இ. அ. தி. மு. க. 132 இடங்களைப் பெற்றது.

1985 பிப்ரவரி 4 அன்று சென்னை திரும்பி, 10 ஆம் நாள் பதவியேற்றார். பேச்சுத்திறன் முழுமையாக மீளவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று, ஆண்டிப்பட்டியில் வாக்குப்பதிவு நடந்து சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்த நாளில், காலமானார். மெரினா கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். 1988 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

ஆண்டிப்பட்டி வாக்காளர்கள் அவர் பெயருக்காக மட்டுமே வாக்களித்தனர் என்று கொள்ள இயலாது. கட்சி பிளவுபட்டிருந்த 1989 தேர்தலில் அவரது மனைவி ஜானகி இதே தொகுதியில் தோல்வியுற்றார், தி. மு. க. வென்றது. அதே தேர்தலில் ஜெயலலிதா அண்மையிலுள்ள போடிநாயக்கனூரில் வென்றார். பின்னர் 2002 இடைத்தேர்தலிலும் 2006 இலும் அவர் ஆண்டிப்பட்டியில் வெற்றி பெற்றார்.

பெயர் தாங்கிய நிலையங்கள்

சென்னை சென்ட்ரல் தொடருந்து நிலையத்துக்கு 2019 ஏப்ரலில் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதன் அருகே நிலத்தடியில் 2018 மே 25 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம், 2020 சூலை 31 முதல் புரட்சித் தலைவர் டாக்டர் எம். ஜி. இராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்புள்ள இந்நிலையத்தில் நீலம், பச்சை ஆகிய இரு வழித்தடங்கள் வெவ்வேறு தளங்களில் சந்திக்கின்றன. நெடுந்தொலைவுத் தொடருந்துகள், புறநகர் மின்தொடர்கள், பூங்கா நிலையம், அரசு பொது மருத்துவமனை ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதே இங்கு கூட்டம் மிகக் காரணம்.

சென்னை மெட்ரோவில் 2020 இல், கொரோனாத் தொற்றினால் சேவை பல மாதங்கள் நின்றிருந்தபோது, 1.18 கோடிப் பயணங்களே பதிவாயின. இது 2021 இல் 2.53 கோடி, 2022 இல் 6.09 கோடி, 2023 இல் 9.11 கோடி, 2024 இல் 10.52 கோடி என உயர்ந்தது. நிலையவாரியான கணக்குகளில் சென்ட்ரல் முன்னணியில் நிற்கிறது. நிலையக் கணக்கு நுழைவாயில் கதவுகளில் பதியும் பயணச்சீட்டுகளைக் கொண்டு எடுக்கப்படுவதாகும். உள்ளேயே ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்கு மாறிச் செல்வோர் அக்கதவுகளைக் கடப்பதில்லை. எனவே இந்நிலையத்தைப் பயன்படுத்துவோரின் உண்மையான தொகை, பதிவான எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அவர் 1967 இல் வென்ற பரங்கிமலையில் பச்சை வழித்தடம் முடிவடைகிறது. அது உயர்மட்ட நிலையம்.

மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 இல் மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தேனி தொடருந்து இன்றி இருந்தது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 சூன் 15 அன்று போடி வரையிலும் சேவை திரும்பியது. அன்று முதல் வாரம் மும்முறை ஆண்டிப்பட்டி வழியாகச் செல்லும் விரைவுத் தொடருந்து, போடியையும் எம். ஜி. ஆர் சென்னை சென்ட்ரல் நிலையத்தையும் இணைக்கிறது.