பம்மல் சம்பந்த முதலியாரும் நாடக உடையும்

நாடகம் என்றதும் நம்மவர் பெரும்பாலோர்க்குப் பாட்டும் வசனமுமே நினைவுக்கு வருகின்றன. நடிகன் வாய் திறக்குமுன்னரே அவனுடைய உடை பேசத் தொடங்கிவிடுகிறது. புது நாடகம் எழுதும் அன்பர்கள் இதனை உணர்வதற்கு, காலஞ்சென்ற பம்மல் சம்பந்த முதலியாரின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த பாடம் வேறில்லை.

1873-ஆம் வருஷத்தில் பிறந்த முதலியார், இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவரே. 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார். அவர் தாமே ஒரு வக்கீல். கற்றறிந்த கனவான்கள் அரிதாரம் பூசி மேடையேறக் கண்ட முதலியாரின் மனம் மாறிற்று. அவ்வாண்டிலேயே நண்பர்கள் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலுக்குக் கௌரவம் தேடித் தந்தது அச்சபை.

அக்காலத்து மேடையின் நிலை யாது? தெருக்கூத்தில் மரக்கட்டையாலான கிரீடமும் புஜகீர்த்தியும் தமக்கென ஓர் இலக்கணம் உடையன. அவற்றை நாம் குறை கூறோம். ஆனால் கொட்டகை நாடகங்களிலோ, பார்ஸி கம்பெனிகளைப் பின்பற்றி, எந்நாட்டு மன்னனாயினும் ஜரிகை வேய்ந்த வெல்வெட்டு அங்கியே அணிந்தான். நாட்டை இழந்து சுடலை காக்கும் அரிச்சந்திரனும் பட்டுடையில் நின்றால் யார் கண்ணில் நீர் வரும்?

முதலியார் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். எழுதியவரும், நடித்தவரும், பிறரைப் பயிற்றியவரும் அவரே. இன்ன வேஷம் இன்ன நடிகருக்கு என்று மனத்திற் கொண்டே எழுதுவார். ரங்கவடிவேலு போன்ற ஆடவரே கதாநாயகியராகத் தோன்றிய காலமாதலின், உடை தவறினால் நாடகமே நகைப்புக்கிடமாகிவிடும்.

அவருடைய நாடகங்களைப் பார்மின். 'மனோகரா'வில் அரசகுமாரன் விலங்கு பூட்டப்பட்டுச் சபைக்குக் கொண்டுவரப்படுகிறான். அந்த இரும்பும் ஓர் உடையே. அதன்றி அக்காட்சி இல்லை. 'சபாபதி'யில் ஜமீன்தாருக்கும் வேலைக்காரனுக்கும் பெயர் ஒன்றே. எஜமானன் யார், ஏவலாள் யார் என்பதைக் கண்டவுடன் உணர்த்துவது உடையன்றோ? ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' எனத் தமிழாக்கியபோது டென்மார்க்குக் குமாரன் நம் நாட்டு இளவரசனானான். பெயரை மாற்றியபின் உடையை மாற்றாதிருத்தல் பொருந்துமோ?

பகலில் வக்கீல், பின்னர் 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி, மாலையில் நடிகர். அங்கி அணிந்தவுடன் ஒருவரது குரலும் நடையும் மாறுவதைக் கோர்ட்டில் பழகியவர் எவரும் அறிவர். மேடையின் நியதியும் அதுவே. அவருக்கு 1959-ல் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. 1964-ல் அவர் காலமானார்.

உடையின் வலிமையைத் தேசிய இயக்கமும் அறிந்திருந்தது. கிருஷ்ணசாமிப் பாவலர் 'கதரின் வெற்றி'யை எழுதியபோது, துணியே நாடகத்தின் பொருளாகிவிட்டது.

சென்னையிலாயினும், வேப்பம்பட்டு போன்ற ஊரிலாயினும், இன்று புது நாடகம் ஆக்க முற்படும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. வசனம் முழுதும் முடிந்து, ஒத்திகையும் முடிந்து, அரங்கேற்றத்திற்கு முதல்நாள் வாடகைக்கடைக்கு ஓடாதீர்கள். முதற்பிரதியைப் படிக்கும்போதே தைப்பவரையும் உடன் இருத்துங்கள். ஒவ்வொரு காட்சியிலும் பாத்திரத்தின் தொழில் யாது, செல்வம் யாது, பருவம் யாது, அடுத்த காட்சிக்குள் உடை மாற்ற நேரம் உண்டா என்று எழுதிக்கொள்ளுங்கள். விளக்கொளியில் நிறம் வேறுபடும். துணியை விளக்கின்முன் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். ஒரு காட்சி மாறினால் உடைக்குறிப்பும் உடன் மாறட்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை; சாயமேற்றிய கைத்தறித் துணியும் சிறிது சிந்தனையும் போதும். பழைய பெட்டியிலிருந்து எடுத்த உடையை அணிந்தால், புது நாடகமும் பழைய நாடகமாகவே தோன்றும்.