எண்பத்தாறைத் தாண்டியவர்

எங்கள் வீட்டில் ஓர் அறையில் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. இணைந்த கணிதக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அதில் குவிந்து கிடக்கும். மற்றது ராத்தாவினுடையது. காப்புறுதி நிறுவனங்களில் ஆயுளையும் ஆபத்தையும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆக்சுவரி என்ற தொழிலுக்குப் போவதற்காக அவர் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தொழிலுக்குரிய பரீட்சைகளில் முதலாவது முழுக்க முழுக்க நிகழ்தகவு. மூன்று மணித்தியாலத்தில் 30 கேள்விகள்.

ஓர் இரவு நான் சிக்கலெண் கணக்கொன்றில் த மோய்வரின் தேற்றத்தைப் பிரயோகித்துக் கொண்டிருந்தேன். தற்செயலாக ராத்தாவின் புத்தகத்தை எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே பெயர். ஆனால் அங்கே அது த மோய்வரின் விதி. ஒருவர் இன்னும் எத்தனை வருடம் வாழக்கூடும் என்பதைப் பற்றியது. கோசைனோடும் சைனோடும் நான் அறிந்த மனிதருக்கு ஆயுளோடு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

உம்மும்மாவுக்கு இந்தப் பரீட்சையே பிடிக்காது. ஹயாத்தும் மௌத்தும் அல்லாஹ்வின் கையில் இருக்க, ஒரு குமர்ப்பிள்ளை உட்கார்ந்து மற்றவர்களின் ஆயுளைக் கணக்குப் பார்ப்பது என்ன படிப்பு என்பது அவருடைய கேள்வி. போதாததற்கு, அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் தாயக்கட்டையும் சீட்டுக்கட்டும் இருப்பதை அவர் ஒருமுறை பார்த்தும்விட்டார். ராத்தா எவ்வளவு விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

ஆபிரகாம் த மோய்வர் 1667 மே 26ஆம் திகதி பிரான்சின் ஷம்பான் பிரதேசத்தில் வித்ரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். குடும்பம் புரட்டஸ்தாந்து மதத்தைச் சேர்ந்தது. கத்தோலிக்க நாடான பிரான்சில் அவர்கள் சிறுபான்மை. நாந்து என்ற நகரத்தின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு பழைய அரச ஆணைதான் அவர்களுடைய வணக்கத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இருந்த ஒரே பாதுகாப்பு. சிறுவன் ஆபிரகாம் படித்த செடான் நகரத்துப் புரட்டஸ்தாந்துக் கல்விக்கூடம் மூடப்பட்டது. அவர் சோமூர் என்ற ஊருக்குப் போய்த் தர்க்கம் படித்தார். அங்கே, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சிறு நூலைத் தானாகவே வாசித்தார். தாயக்கட்டை விளையாட்டுகளில் நிகழ்தகவைக் கணிப்பது பற்றி ஹொய்கென்ஸ் எழுதிய நூல் அது. பிறகு பாரிஸுக்குப் போய் ஒசனாம் என்ற ஆசிரியரிடம் தனியாகக் கணிதம் கற்றார்.

1685 ஒக்டோபரில் பதினான்காம் லூயி மன்னன் அந்தப் பழைய ஆணையை ரத்துச் செய்தான். புரட்டஸ்தாந்துகளின் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக்கும்படி உத்தரவு பிறந்தது. பதினெட்டு வயது த மோய்வரை ஒரு மடாலயத்தில் அடைத்து வைத்தார்கள். மனம் மாற்றுவதுதான் நோக்கம். அவர் மாறவில்லை. 1680களின் இறுதியில் லண்டன் போய்ச் சேர்ந்தவர், அதன் பிறகு பிரான்சில் குடியேறவே இல்லை.

இந்த இடத்தை நான் வாசித்துக் காட்டியபோது உம்மும்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் 1990 ஒக்டோபரில் கையில் ஒரு பையோடு மன்னாரிலிருந்து வெளியேறி வந்தவர். அந்த மனிதர் போய் இறங்கிய இடத்தில் எப்படிச் சோறு தின்றார் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

டியூஷன் கொடுத்துத்தான். வீடு வீடாக நடந்து போய், பிரபுக்களின் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். லண்டன் அப்போதே பெரிய நகரம். ஒரு மாணவனின் வீட்டிலிருந்து அடுத்தவனின் வீட்டுக்கு நடப்பதிலேயே நாளின் பெரும்பகுதி கழிந்தது. காலையிலிருந்து இரவு வரை பாடம் சொல்லித் தருவதையும் நடப்பதில் நேரம் வீணாவதையும் பற்றி அவர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். ஒரு நாள் டெவன்ஷயர் பிரபுவின் மாளிகையில் நியூட்டனின் பிரின்சிப்பியா நூல் கண்ணில் பட்டது. 1687இல் வெளியான நூல். அதுவரை தனக்குக் கணிதம் தெரியும் என்று நினைத்திருந்தவர், அதைப் புரட்டியதும் திகைத்துப் போனார். உடனே ஒரு பிரதி வாங்கினார். உட்கார்ந்து வாசிக்க நேரம் இல்லை. ஆகவே பக்கங்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான நேரத்தில் படித்து முடித்தார். (நூலகப் புத்தகத்தில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

வால்வெள்ளியால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி 1692இல் அவருக்கு அறிமுகமானார். நியூட்டனின் நட்பும் கிடைத்தது. 1697இல் ரோயல் சொசைட்டியின் அங்கத்தவரானார். நியூட்டன் முதுமையில் தன்னிடம் கணிதச் சந்தேகம் கேட்டு வந்தவர்களை, தன்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று த மோய்வரிடம் அனுப்பிவிடுவாராம். இவ்வளவு புகழ் இருந்தும் ஒரு பல்கலைக்கழகப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. லைப்னிட்ஸ் ஜெர்மனியில் ஒரு பதவி தேடிக் கொடுக்க முயன்றும் சரிவரவில்லை. வெளிநாட்டுக்காரர் என்ற பெயர் கடைசிவரை அவரை விடவில்லை என்றே நினைக்கிறேன்.

சென் மார்ட்டின் ஒழுங்கையில் ஸ்லோட்டர் கோப்பிக் கடை என்று ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய காரியாலயம் என்று சொல்லலாம். சூதாடுபவர்கள் வந்து, இந்த ஆட்டத்தில் வெல்ல எனக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பார்கள். காப்புறுதி எழுதுபவர்களும் ஆண்டுத்தொகைத் தரகர்களும் வருவார்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அவர் கணக்குச் செய்து கொடுப்பார்.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. சூதாட்டம் நமக்கு ஹராம். சூதாடிகளுக்கு ஆலோசனை சொன்னவரை எப்படி மெச்சுவது? ஆனால் 1718இல் அவர் வெளியிட்டு நியூட்டனுக்குச் சமர்ப்பித்த வாய்ப்புகளின் கோட்பாடு என்ற நூலின் முன்னுரை வேறு விதமாகப் பேசுகிறது. அதிர்ஷ்டம் என்றொரு சக்தி ஒரு மனிதனோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக நம்பும் மூடத்தனத்தைப் போக்கவும், ஏமாற்றப்படாமல் காக்கவும் இந்தக் கணிதம் உதவும் என்பது அவருடைய வாதம். தாயக்கட்டை அவருக்கு ஒரு சோதனைக்கூடம். ஆறு முகங்களும் சமமாக விழக்கூடிய கட்டையில் விதிகளைத் தெளிவாகப் பார்க்கலாம். பார்த்த விதிகளை வேறெங்கும் கொண்டு போகலாம். நாம் வகுப்பில் படிக்கும் சாரா நிகழ்ச்சிகளையும் சார்ந்த நிகழ்ச்சிகளையும் அவர் அந்நூலின் தொடக்கத்திலேயே பிரித்து விளக்கியிருக்கிறார்.

அவர் அந்த விதிகளைக் கொண்டு போன இடம்தான் ராத்தாவின் மேசை.

அந்தக் காலத்தில் ஒருவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, தான் மௌத்தாகும் வரை வருடா வருடம் ஒரு தொகையைப் பெறலாம். அதற்கு ஆண்டுத்தொகை என்று பெயர். விதவைகளும் முதியவர்களும் இதை நம்பி வாழ்ந்தார்கள். அதன் விலை எவ்வளவு இருக்க வேண்டும்? 1690களில் இங்கிலாந்து அரசாங்கமே யுத்தச் செலவுக்காக ஆண்டுத்தொகைகளை விற்றபோது, வாங்குபவரின் வயதைக் கேட்கவில்லை. 100 பவுண் கொடுத்தால் வருடம் 14 பவுண். பத்து வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுக் கிழவருக்கும் ஒரே விலை! பிள்ளைகளின் பெயரில் வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள்.

1693இல் ஹாலி ஒரு வழி காட்டினார். இப்போது போலந்தில் இருக்கும் பிரெஸ்லவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடு மிஞ்சுவார்கள் என்று ஓர் அட்டவணை செய்தார். ஆனால் அதைக்கொண்டு விலை காண ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கணிப்பான் இல்லாத காலம். அது முதுகை முறிக்கும் வேலை.

த மோய்வர் அதே அட்டவணையை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன். 55 வயதில் 292 பேர், 60இல் 242, 65இல் 192, 70இல் 142. ஐந்து வருடத்துக்கு 50 பேர் வீதம் சீராகக் குறைகிறது. சாதாரணதரத்தில் நாம் படித்த கூட்டல் விருத்தி! எல்லா வயதிலும் இவ்வளவு அழகாக இல்லைதான். ஆனால் சிறுபராயத்தைக் கடந்த பிறகு ஏறத்தாழ அப்படித்தான். ஆகவே அவர் 86 வயதை எல்லையாக வைத்து, அதுவரை ஒவ்வொரு வருடமும் ஒரே எண்ணிக்கையானோர் இறப்பதாக எடுத்துக்கொண்டார். 40 வயதுக்காரருக்கு மீதி 46 வருடம். அவற்றில் எந்த வருடமும் சமவாய்ப்புள்ளது. எனவே சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 23 வருடம். பக்கம் பக்கமாகச் செய்த வேலை ஒரு வரிச் சூத்திரமாகிவிட்டது. ஆயுள் மீதான ஆண்டுத்தொகைகள் பற்றிய அந்த நூல் 1725இல் வந்தது. இன்றைய ஆயுள் அட்டவணைகளுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனாலும் ராத்தாவின் பயிற்சிப் புத்தகத்தில் அது இன்னும் ஒரு கேள்வியாக வாழ்கிறது.

உம்மும்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் இதில்தான் இருந்தது. 292 பேரில் ஐந்து வருடத்தில் 50 பேர் குறைவார்கள் என்று அட்டவணை சொல்கிறது. அந்த 50 பேர் யார் யார் என்று அது சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. த மோய்வர் இறை நம்பிக்கை உள்ளவர். தனித்தனியே பார்த்தால் ஒழுங்கற்றவையாகத் தெரியும் நிகழ்ச்சிகள், பெருந்தொகையாகச் சேரும்போது ஓர் ஒழுங்குக்குள் வருவதைப் படைத்தவனின் திட்டத்துக்கு அடையாளமாக அவர் கண்டார்.

அந்த ஒழுங்கை எண்ணாலேயே அவர் காட்டியது 1733 நவம்பரில். நண்பர்களுக்கு மட்டும் கொடுத்த, லத்தீன் மொழியில் எழுதிய சில பக்கங்கள்தான். அப்போது அவருக்கு 66 வயது. ஒரு நாணயத்தை 3600 தடவை சுண்டினால் சரியாக 1800 தலை விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தலைகளின் எண்ணிக்கை 1770க்கும் 1830க்கும் இடையில் இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.68 என்று அவர் கணித்தார். ஈருறுப்புப் பரம்பலிலிருந்து இந்த எண்ணுக்கு வர அவர் கண்டுபிடித்த வளைகோடுதான் இன்று செவ்வன் பரம்பல் எனப்படும் மணி வடிவ வளையி. கௌஸின் பெயரால் உலகம் அதை அழைக்கிறது. கௌஸ் பிறந்ததோ 1777இல். அந்தக் கணிப்பில் ஒரு மாறிலியின் சரியான பெறுமானத்தைக் கண்டவர் ஸ்டர்லிங் என்பதை த மோய்வர் மறைக்காமல் எழுதினார். ஆனால் எனது பாடத்தில் வரும் தேற்றத்தை, நாம் எழுதும் வடிவத்தில் அவர் எழுதியதே இல்லை. அந்த வடிவம் 1748இல் ஒயிலர் தந்தது. ஆக, அவர் கண்ட வளைகோட்டுக்கு வேறொருவரின் பெயர். வேறொருவர் எழுதிய வடிவத்துக்கு அவர் பெயர்.

அவரை மலக்காகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. தோமஸ் சிம்சன் என்பவர் 1742இல் ஆண்டுத்தொகை பற்றி மலிவான விலையில் ஒரு நூல் வெளியிட்டபோது, தனது நூலைப் பார்த்து எழுதிவிட்டதாக 76 வயது த மோய்வர் அடுத்த பதிப்பின் முன்னுரையில் சீறினார். சிம்சனும் பதிலுக்குச் சீறினார். ஏழை மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு புத்தகம் வந்ததற்காக இவ்வளவு கோபம் தேவையா என்று எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்தேன்: புத்தகமும் டியூஷனும் தவிர அவருக்கு வேறு வருமானம் ஏது?

அவர் திருமணம் செய்யவில்லை. கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. அவருடைய மாணவர் ஜேம்ஸ் டொட்சன் தன் உயிருக்குக் காப்புறுதி கேட்டுப் போனபோது, 45 வயதைத் தாண்டியவர் என்று ஒரு சங்கம் மறுத்துவிட்டது. வயதுக்கேற்ற கட்டணம் வாங்கினால் எவரையும் மறுக்க வேண்டியதில்லை என்று டொட்சன் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின் மேல் 1762இல் லண்டனில் ஓர் ஆயுட்காப்புறுதி நிறுவனம் எழுந்தது. ஆக்சுவரி என்ற பதவிப் பெயரை ஆயுட்காப்புறுதியில் முதலில் வைத்ததும் அதுதான். ஆசிரியரும் மாணவரும் அதைப் பார்க்க இருக்கவில்லை.

துரத்திய பிரான்சும் கடைசியில் அவரை நினைத்தது. 1754 ஜூனில் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அவரை வெளிநாட்டு அங்கத்தவராகத் தெரிவு செய்தது. ஐந்து மாதத்தின் பின் அவர் இறந்தார். அவர் சாவைப் பற்றி எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஒரு கால் மணி நேரம் அதிகமாகத் தூங்குவதைக் கவனித்தாராம். அது 24 மணி நேரத்தை எட்டும் நாளைக் கணித்தாராம். அந்த நாளிலேயே இறந்தாராம். நான் கணக்குச் செய்து பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் தொடங்கினால் 64 நாட்கள். இதுவும் ஒரு கூட்டல் விருத்திதான். அவருடைய விதியை நன்றாக அறிந்த யாரோ இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும் என்பது எனது சந்தேகம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. அவர் இறந்த நாள் 1754 நவம்பர் 27. அப்போது அவருக்கு 87 வயதும் ஆறு மாதமும். அவருடைய விதிப்படி 86க்கு மேல் எவரும் இல்லை. கடைசி ஒன்றரை வருடமும் அவருடைய பெயரில் ஓர் ஆண்டுத்தொகைக்கு விலை கேட்டிருந்தால், அவருடைய சொந்தச் சூத்திரம் பூச்சியம் என்றே சொல்லியிருக்கும்.

இதை உம்மும்மாவிடம் சொன்னேன். வெகு நேரம் சிரித்தார். ராத்தா தகாபுல் நிறுவனமொன்றில்தான் வேலைக்குப் போக விரும்புகிறார் என்பதையும் அப்போது மெல்லச் சொல்லி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இஷாத் தொழுதுவிட்டு வந்து, பரீட்சை எந்தத் திகதி, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். துஆச் செய்ய வேண்டுமாம்.