செஞ்சி அரிசி மில்லின் கரண்ட் பில்லும் சிகாகோவின் சாமுவேல் இன்சலும்: மின்சாரத்தை மலிவாக்கியவர் வீழ்ந்தது எப்படி?

செஞ்சி சுற்றுவட்டாரத்தில் நெல் அறுவடை நேரத்தில் அரிசி மில்கள் பரபரப்பாக இருக்கும். சீசன் முடிந்தால் சத்தம் அடங்கிவிடும். ஆனால் கரண்ட் பில் நிற்காது. மில் ஓடாத மாதத்துக்கும் நிலைக் கட்டணம் என்று ஒரு தொகை வந்துவிடும். ஒரு யூனிட் கூட ஓட்டாததற்கு எதுக்குப் பணம்? மில் நடத்தும் பலருக்கும் வருகிற கேள்வி இது.

இதற்கு விடை தேடினால் 130 ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சிகாகோவில் மின்சார நிறுவனம் நடத்திய சாமுவேல் இன்சல்தான் இந்த பில் முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். மின்சாரத்தை மலிவாக்கிய அதே மனிதர்தான் பின்னாளில் லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பு கரைந்து போகவும் காரணமானார்.

யார் இந்த இன்சல்?

1859 நவம்பர் 11-ம் தேதி லண்டனில் ஒரு எளிய குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில் ஆபீஸ் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். சுருக்கெழுத்து கற்றுக்கொண்டார். 1879-ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்தார். வேலை கொடுத்தவர், விஞ்ஞானி தாமஸ் ஆல்வா எடிசனின் லண்டன் பிரதிநிதி.

அந்த வேலைதான் வாழ்க்கையை மாற்றியது. 1881-ல், 21 வயதில், எடிசனின் தனிச் செயலாளராக நியூயார்க் போய் இறங்கினார். கடிதங்களைப் பார்ப்பது முதல் கடன்காரர்களைச் சமாளிப்பது வரை எல்லாமே அவர் பொறுப்பு. 1882-ல் எடிசனின் புகழ்பெற்ற பேர்ல் ஸ்ட்ரீட் மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோதும் கூடவே இருந்தார்.

1892-ல் எடிசன் நிறுவனம் இணைப்பு மூலம் ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது. அங்கே பெரிய பதவி காத்திருந்தது. ஆனால் இன்சல் அதை விட்டுவிட்டு, மிகக் குறைந்த சம்பளத்தில் சிகாகோ எடிசன் என்ற சின்ன நிறுவனத்தின் தலைவரானார். அப்போது அதற்கு இருந்த வாடிக்கையாளர்கள் சுமார் 5,000 பேர்தான்.

ஓடாத மெஷினுக்கும் வட்டி

அன்றைக்கு மின்சாரம் பணக்காரர்களின் சமாச்சாரம். காரணம் என்ன?

மின்சாரத்தை மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. கேட்கும் நொடியில் தயாரித்துக் கொடுக்க வேண்டும். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கு போடுவார்கள். அந்த ஓரிரு மணி நேரத்துக்காகப் பெரிய மெஷின் வாங்கி வைக்க வேண்டும். மீதி நேரம் அது சும்மா கிடக்கும். முகூர்த்த நாளில் மட்டும் நிறையும் கல்யாண மண்டபம் மாதிரிதான். மண்டபம் காலியாக இருந்தாலும் கட்டிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

1894-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குப் போனபோது இன்சலுக்கு இதற்கு வழி தெரிந்தது. அங்கே ஆர்தர் ரைட் என்ற பொறியாளர் ஒரு புது மீட்டரைப் பயன்படுத்தி வந்தார். ஒரு வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறார் என்று அது காட்டியது. அதை வைத்து பில்லை இரண்டாகப் பிரிக்கலாம். உங்களுக்காகத் தயாராக நிற்கும் மெஷினுக்கு ஒரு தொகை. ஓடிய யூனிட்டுக்குத் தனித் தொகை. செஞ்சி மில்லின் நிலைக் கட்டணம் இந்தக் கணக்கின் வழியில் வந்ததுதான்.

விலையைக் குறைத்தது எப்படி?

இன்சல் அடுத்து செய்ததுதான் முக்கியம். வெவ்வேறு நேரத்தில் மின்சாரம் தேவைப்படுபவர்களைத் தேடித் தேடிப் பிடித்தார். காலையிலும் மாலையிலும் டிராம், பகலில் தொழிற்சாலை, இரவில் வீடு. ஒரே மெஷின் எல்லோருக்கும் உழைத்தது. செலவு பலர் மேல் பரவியதால் கட்டணத்தைக் குறைத்தார். குறைத்ததும் இன்னும் பலர் வந்தார்கள்.

1903-ல் சிகாகோவின் ஃபிஸ்க் ஸ்ட்ரீட் மின் நிலையத்தில் 5,000 கிலோவாட் நீராவி டர்பைனை நிறுவினார். அவ்வளவு பெரிதாகச் செய்ய ஜெனரல் எலக்ட்ரிக்கே தயங்கியது. நஷ்டம் வந்தால் பங்கேற்றுக்கொள்வதாகச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தார். 1907-ல் நிறுவனம் காமன்வெல்த் எடிசன் ஆனது.

1910 வாக்கில் சிகாகோவுக்கு வடக்கே லேக் கவுண்டியின் சிற்றூர்களை ஒரே மின்பாதையில் இணைத்துப் பார்த்தார். ஊருக்கு ஊர் சின்ன ஜெனரேட்டர் வைப்பதைவிட இது மலிவு என்று நிரூபணமானது. செஞ்சி போன்ற ஊரில் வயல் மோட்டார், மில், கடைத்தெரு, வீடு எல்லாம் ஒரே மின்தொகுப்பில் இருப்பதற்குப் பின்னாலும் இதே கணக்குதான்.

கட்டுப்பாட்டைக் கேட்ட முதலாளி

1898-ல் மின் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்தபோது, இத்தொழிலை அரசு ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பேசி சக முதலாளிகளுக்கு ஷாக் கொடுத்தார். ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம், அதன் கட்டணத்தை மாநில ஆணையம் தீர்மானிக்கும். இதுதான் அவர் திட்டம். இதில் சுயநலமும் இருந்தது. போட்டி இருக்காது, உள்ளூர் அரசியல்வாதிகளின் தொல்லையும் இருக்காது. 1907-ல் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்களில் இத்தகைய ஆணையங்கள் வந்தன.

கம்பெனி மேல் கம்பெனி

1912-ல் மிடில் வெஸ்ட் யுடிலிட்டீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இது மின்சாரம் தயாரிக்க அல்ல, மற்ற மின் நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருக்க. அதற்கு மேல் இன்னொரு கம்பெனி, அதற்கும் மேல் இன்னொன்று. கொஞ்சம் சொந்த முதலும் நிறையக் கடனும் வைத்து 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கால் பதித்தார். வாடிக்கையாளர்களுக்கே பங்குகளை விற்றார். கரண்ட் பில் கட்ட வந்தவர்களும் பங்குதாரர் ஆனார்கள்.

1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டே இன்சலுக்குப் பெரிய சிக்கல். தன் நிறுவனப் பங்குகளைக் குவித்து வைத்திருந்த சைரஸ் ஈட்டன் என்பவரிடமிருந்து அவற்றை 5.6 கோடி டாலருக்கு வாங்கினார். அதற்காக வங்கிகளில் பங்குகளை அடமானம் வைத்தார். பங்கு விலை இறங்க இறங்க, வங்கிகள் மேலும் அடமானம் கேட்டன. 1932 ஏப்ரலில் கோபுரம் சரிந்தது.

மின் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, விளக்குகளும் எரிந்தன. ஆனால் வாழ்நாள் சேமிப்பைப் பங்காக வைத்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு மிஞ்சியது வெறும் காகிதம். இன்சலின் சொத்தும் போனது.

தப்பி ஓட்டம், விடுதலை

பதவி விலகிய இன்சல் ஐரோப்பாவுக்குப் போனார். வழக்கு பாய்ந்ததும் கிரீஸில் தங்கினார். கிரேக்க நீதிமன்றங்கள் அவரை ஒப்படைக்க மறுத்தன. 1934-ல் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்ததும் வாடகைக் கப்பலில் கிளம்பினார். இஸ்தான்புல்லில் துருக்கி போலீஸார் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தனர்.

1934 நவம்பரில் மோசடி வழக்கில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். மற்ற வழக்குகளிலும் 1935-ல் விடுதலை. ஆனால் அதே ஆண்டு, இப்படி அடுக்கடுக்காகக் கம்பெனி கட்டுவதைத் தடுக்க அமெரிக்கா தனிச் சட்டமே கொண்டுவந்தது.

1938 ஜூலை 16 அன்று பாரிஸில் மெட்ரோ ரயில் நிலையத்தில் மாரடைப்பால் சாய்ந்தார். வயது 78. சட்டைப்பையில் இருந்தது சில்லறைக் காசுகள்தான். பர்ஸைக் காணவில்லை.

தமிழ்நாட்டில் இன்று?

தமிழ்நாட்டில் 1999 முதல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இயங்குகிறது. கட்டணத்தை முடிவு செய்வது அதுதான். செஞ்சி மில்லின் நிலைக் கட்டணம் அதிகம் என்று தோன்றினால், கட்டணத் திருத்தத்தின்போது ஆணையம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மில் உரிமையாளரே நேரில் போய்ச் சொல்லலாம். எழுத்து மூலமும் அனுப்பலாம்.