முதலில் வந்தவர் ஜாக் லவ்லாக்



மலருக்கு ஓட்டப்பந்தயக் கட்டுரையா என்று முகம் சுளிக்காதீர்கள். ஹாஸ்டல் மொட்டை மாடியில் கிரிக்கெட் பேச்சு ஓய்ந்த பிறகு, நாலு வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒலிம்பிக் பேச்சு வரத்தான் செய்கிறது. வந்தால் கூடவே ஒரு சண்டையும் வரும். 1500 மீட்டர் மாதிரியான நடுத்தர தூர ஓட்டத்தில், பெரிய போட்டி என்றால் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மெதுவாகவே ஓடுகிறார்கள். கடைசிச் சுற்றில் மட்டும் ஒருவர் பாய்ந்து தங்கத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார். டைமிங்கைப் பார்த்தால் ரொம்ப சாதாரணம். முதல் அடியிலிருந்து உயிரைக் கொடுத்து ஓடி ஜெயித்தவருக்கும் தங்கம், இவருக்கும் தங்கமா? இரண்டுக்கும் ஒரே மரியாதையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் துணைக்கு அழைக்கிறேன். அவர் பெயர் ஜாக் லவ்லாக். ஊர் நியூசிலாந்து. தொழில் டாக்டர். மெதுவான ஓட்டத்திலும் ஜெயித்தவர், உலக சாதனையிலும் ஜெயித்தவர். ஆகவே இந்த வழக்கில் சாட்சி சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

பள்ளியும் படிப்பும்

லவ்லாக் 1910 ஜனவரி 5-ஆம் தேதி, நியூசிலாந்தின் தென்தீவில் ரீஃப்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், தங்கச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த க்ரஷிங்டன் என்ற சின்னக் குடியிருப்பில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். டிமாரு ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் தங்கிப் படித்தார். படிப்பிலும் கெட்டி, விளையாட்டிலும் கெட்டி. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். பிறகு ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து 1931-இல் இங்கிலாந்து போய் ஆக்ஸ்போர்டின் எக்ஸெட்டர் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆள் பார்க்க ஒல்லி. நெடிய கால்கள் கிடையாது. ஆனால் தன் உடம்பையே ஒரு லேபாக வைத்துக்கொண்ட மனிதர் அவர். எந்த நாளில் எவ்வளவு ஓடினோம், உடம்பு எப்படி இருந்தது, எதிராளி எங்கே திணறினான் என்பதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிவைத்தார். நாம் ரெக்கார்டு நோட்டை சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி எழுதுகிறோமே, அந்த மாதிரி இல்லை! அன்றன்றைக்கு எழுதினார். வருஷத்தில் ஒன்றிரண்டு ஓட்டத்துக்கு மட்டுமே உடம்பை முழுக்கத் தீட்டவேண்டும், மற்றவை எல்லாம் அதற்கான பயிற்சி என்பது அவர் கொள்கை.

1932-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போனார். 1500 மீட்டரில் ஏழாவது இடம்தான். இத்தாலியின் லூயிஜி பெக்காலி 3 நிமிடம் 51.2 விநாடியில் தங்கம் வென்றார். லவ்லாக் திரும்பி வந்து, நோட்டைத் திறந்து, முதலிலிருந்து கணக்குப் போட ஆரம்பித்தார்.

ஒரே மைதானம், இரண்டு ஓட்டம்

இப்போதுதான் நம்ம விஷயம் வருகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பல்கலைக்கழக மைதானம் ஒன்று இருந்தது. அங்கே 1933 ஜூலை 15-ஆம் தேதி ஒரு மைல் ஓட்டம். உள்ளூர் நாயகன் பில் பான்த்ரன் முன்னால் போக, லவ்லாக் கடைசியில் அவரைத் தாண்டி 4 நிமிடம் 7.6 விநாடியில் முடித்தார். புதிய உலக சாதனை! இரண்டாவதாக வந்த பான்த்ரன்கூட பழைய உலக சாதனையை முறியடித்திருந்தார். உலகமே கை தட்டியது.

அதே மைதானத்தில் 1935 ஜூன் மாதம் இன்னொரு மைல் ஓட்டம். இந்த முறை பான்த்ரனோடு க்ளென் கன்னிங்ஹாமும் இருந்தார். இவர் சாதாரண ஆள் இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத் தீவிபத்தில் கால்கள் கருகி, நடப்பாரா என்றே டாக்டர்கள் சந்தேகப்பட்டவர். 1934-இல் இதே பிரின்ஸ்டனில் 4 நிமிடம் 6.8 விநாடியில் ஓடி லவ்லாக்கின் உலக சாதனையைப் பறித்தவர். இந்த நூற்றாண்டின் மைல் ஓட்டம் என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. பெரும் கூட்டம் திரண்டது.

நடந்தது என்ன? வேகம் எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. லவ்லாக் அமைதியாகப் பின்னாலேயே ஓடினார். கடைசி நேர்கோட்டில் ஒரே பாய்ச்சல். பான்த்ரன் இரண்டாவது, கன்னிங்ஹாம் மூன்றாவது. லவ்லாக்கின் நேரம் 4 நிமிடம் 11.2 விநாடி. உலக சாதனையைவிட 4.4 விநாடி அதிகம்!

அதற்கு முந்தின வருஷம், 1934-இல், லண்டனில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியிலும் இதே கதைதான். மைல் ஓட்டத்தில் தங்கம் வென்றார், நேரம் 4 நிமிடம் 12.8 விநாடி. அவருடைய சொந்த சாதனையைவிட 5 விநாடிக்கு மேல் மந்தம்.

இப்போது சொல்லுங்கள். 1933-இல் ஜெயித்த லவ்லாக் பெரியவரா, 1935-இல் ஜெயித்த லவ்லாக் பெரியவரா?

கொஞ்சம் மெக்கானிக்ஸ்

மெதுவாக ஓடியதால் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். எதிர்க்காற்றில் டபுள்ஸ் இல்லாமல் சைக்கிள் மிதித்தவனுக்கு இது தெரியும். முன்னால் போகிறவனை ஒட்டிப் போனால் பெடல் லேசாகிவிடும். காற்றை உடைக்கிற வேலை முன்னால் போகிறவன் தலையில். ஓட்டத்திலும் அப்படித்தான். முன்னால் ஓடுகிறவன் காற்றையும் உடைக்கவேண்டும், வேகத்தையும் தீர்மானிக்கவேண்டும், பின்னால் யார் எப்போது கிளம்புவார்கள் என்ற பயத்தையும் சுமக்கவேண்டும். அதனால்தான் பதக்கம் மட்டுமே குறியாக இருக்கும் போட்டியில் யாரும் முன்னால் போகத் தயங்குகிறார்கள். சாதனைக்காக நடத்தும் ஓட்டத்தில் வேகம் பிடித்துக் கொடுக்கவே தனியாக ஆட்களை ஓடவிடுவார்கள். ஒலிம்பிக்கில் அந்த வசதி கிடையாது.

இன்னொன்று. மெதுவான ஓட்டத்தில் எல்லாரிடமும் தெம்பு மிச்சம் இருக்கும். கூட்டம் கலையாது. முழங்கை இடிக்கும், உள்பக்கம் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி இருக்காது. அரை விநாடி தாமதமாகக் கிளம்பினால் பதக்கம் போச்சு, அரை விநாடி முன்னால் கிளம்பினால் கோட்டுக்கு முன்பே கால் கட்டிக்கொள்ளும். வேகமான ஓட்டத்தில் உடம்புக்குப் பரீட்சை. மெதுவான ஓட்டத்தில் புத்திக்கும் நரம்புக்கும் சேர்த்துப் பரீட்சை.

எதிர்க்கட்சி வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிடவேண்டும். எல்லாரும் காத்திருந்தால் இயல்பாகவே பாய்ச்சல் அதிகம் உள்ளவனுக்குத்தான் லாபம். நீண்ட வேகம் உள்ளவனுக்கு வாய்ப்பே வரவில்லையே என்பார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த வாய்ப்பை யார் தடுத்தது? 1935-இல் 4 நிமிடம் 6.8 விநாடி ஓடத் தெரிந்தவர் கன்னிங்ஹாம்தான். துப்பாக்கி வெடித்ததும் அந்த வேகத்தில் கிளம்பியிருக்கலாம். யாரும் கையைப் பிடிக்கவில்லை. 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் அப்படித்தான் செய்தார். பாய்ச்சலுக்குக் காத்திருக்காமல் நெடுந்தூரத்துக்கு முன்பே போய், 3 நிமிடம் 35.6 விநாடி என்ற உலக சாதனையோடு, அடுத்தவரைவிட 2.8 விநாடி முந்தித் தங்கம் வென்றார். துணிந்தவனுக்கு அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. துணியாதவர்கள் ஜெயித்தவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பெர்லின், 1936 ஆகஸ்ட் 6

ஜெஸ்ஸி ஓவன்ஸ் 4 தங்கம் வென்ற ஒலிம்பிக். தியான் சந்த் தலைமையில் நம் ஹாக்கி அணி தங்கம் வென்ற ஒலிம்பிக். ஹிட்லர் மேடையில் உட்கார்ந்திருக்க, 1500 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு 12 பேர் கோட்டில் நின்றார்கள். நடப்புச் சாம்பியன் பெக்காலி இருந்தார். கன்னிங்ஹாம் இருந்தார். லவ்லாக் இருந்தார். அந்த வருஷம் இங்கிலாந்துப் போட்டியில் லவ்லாக்கைத் தோற்கடித்த சிட்னி வுடர்சன் கணுக்கால் காயத்தால் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தார்.

லவ்லாக் என்றால் கடைசி நேர்கோட்டுப் பாய்ச்சல். இது எல்லாருக்கும் மனப்பாடம். மெதுவான ஓட்டங்களில் அவர் ஜெயித்த விதம் எதிராளிகளின் மனதில் அப்படிப் பதிந்திருந்தது. ஆகவே கடைசி நேர்கோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள்.

ஓட்டம் நடுவில் சூடு பிடித்தது. கன்னிங்ஹாமும் ஸ்வீடனின் எரிக் நியும் முன்னணிக்குப் போட்டி போட்டார்கள். லவ்லாக் அவர்கள் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். கோட்டுக்கு இன்னும் சுமார் 300 மீட்டர் இருந்தது. அந்த இடத்தில், யாரும் எதிர்பார்க்காத அந்த இடத்தில், கிளம்பிவிட்டார்! கன்னிங்ஹாம் சுதாரிப்பதற்குள் சில கஜ இடைவெளி விழுந்துவிட்டது. விரட்டினார், உயிரைக் கொடுத்து விரட்டினார். இடைவெளி மூடவில்லை.

லவ்லாக் 3 நிமிடம் 47.8 விநாடி. உலக சாதனை. கன்னிங்ஹாம் 3 நிமிடம் 48.4 விநாடி, அதுவும் பழைய உலக சாதனையைவிட வேகம். பெக்காலி மூன்றாவது. முதல் ஐந்து பேரும் பழைய ஒலிம்பிக் சாதனையை முறியடித்திருந்தார்கள். தடகளத்தில் நியூசிலாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். தன் வாழ்நாளிலேயே மிக நேர்த்தியாக, ஒரு கலைப்படைப்பு போல அமைந்த ஓட்டம் என்று லவ்லாக் தன் குறிப்பேட்டில் அதைப் பதிவு செய்தார்.

நண்பர்களே, கவனித்தீர்களா? அந்த உலக சாதனை கடிகாரத்தைத் துரத்தியதால் வந்ததில்லை. மெதுவான ஓட்டங்களில் கற்ற அதே வித்தைதான், எதிராளியைப் படிப்பது, நேரம் பார்ப்பது, தயங்காமல் கிளம்புவது, அன்றைக்கு வேகமான ஓட்டத்தில் வேலை செய்தது. லேத்தில் ரஃப் கட்டும் ஃபினிஷிங் கட்டும் ஒரே கைதானே போடுகிறது! 1935-ஐ இளப்பமாகப் பேசிவிட்டு 1936-ஐ மட்டும் கொண்டாட முடியாது.

பிறகு

அந்த வருஷம் அக்டோபரில் மறுபடியும் பிரின்ஸ்டனில் ஓடி, அமெரிக்காவின் ஆர்ச்சி சான் ரோமானியிடம் தோற்றார். அதோடு பெரிய ஓட்டங்களிலிருந்து விலகி மருத்துவத்தில் இறங்கினார். 1940-இல் குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. கண்பார்வைக் கோளாறும் தலைசுற்றலும் கடைசிவரை விடவில்லை. 1945-இல் திருமணம், இரண்டு பெண் குழந்தைகள். பிறகு நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் வேலை. 1949 டிசம்பர் 28-ஆம் தேதி, புரூக்ளின் பகுதியில் ஒரு பாதாள ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார். நாற்பது வயது முடிய எட்டு நாள் பாக்கி.

பெர்லினில் தங்கம் வென்றவர்களுக்கு ஆளுக்கொரு ஓக் மரக்கன்று கொடுத்தார்கள். லவ்லாக் பெற்ற கன்று அவர் படித்த டிமாரு பள்ளியில் வளர்ந்து பெரிய மரமாக நிற்கிறது.

தீர்ப்பு

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 1500 மீட்டர் தங்கத்தை 3 நிமிடம் 50.00 விநாடியில் வென்றார். 1932-க்குப் பிறகு அவ்வளவு மெதுவான ஒலிம்பிக் வெற்றி இல்லை. 80 வருஷத்துக்கு முன்னால் கரித்தூள் பாதையில் லவ்லாக் ஓடியது இதைவிட வேகம்! உடனே கேலி ஆரம்பித்தது. ஆனால் சென்ட்ரோவிட்ஸ் முன்னால் இருந்தபடியே எல்லாரையும் கட்டிப்போட்டு, கடைசிச் சுற்றை 51 விநாடிக்குள் ஓடினார் என்பதைக் கேலி செய்தவர்கள் கவனிக்கவில்லை. 2012 சாம்பியன் மக்லூஃபி இரண்டாவது. லவ்லாக்கின் நாட்டுக்காரர் நிக் வில்லிஸ் மூன்றாவது. இவர்களைத் தாண்டுவது விளையாட்டா?

ஆகவே என் தீர்ப்பு இது. உலக சாதனை என்பது ஒரு பரீட்சை. அதில் கேள்வித்தாள் கடிகாரம். சாம்பியன்ஷிப் என்பது வேறொரு பரீட்சை. அதில் கேள்வித்தாள் பக்கத்தில் ஓடுகிற மனிதர்கள். ஒரு பரீட்சையின் விடைத்தாளை இன்னொன்றின் கீ வைத்துத் திருத்தக்கூடாது. மெதுவான வெற்றியை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும். கூட ஓடியவர்கள் யார்? அவர்கள் அந்தக் காலத்தின் சிறந்தவர்கள் என்றால், ஜெயித்தவருக்கு முழு மரியாதை கொடுத்தே ஆகவேண்டும்.

எல்லாவற்றையும் பர்சென்டேஜில் அளந்து பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். தியரியில் தொண்ணூறு வாங்கியவனும், ஓடாத மோட்டாரைக் காதால் கேட்டே கோளாறு கண்டுபிடிக்கிறவனும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் எழுந்து நின்று கை தட்டப் பழகுவோம்.

— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்